கட்டி என்று எழுதிக் கொடுத்த படிவம்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். லெமினேட் மெஷினுக்கு முன்னால் என் மனைவி. வாசலில் குடை விரித்து லொத்தர் சீட்டு விற்கிற ஐயா. எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். வீதியோரம் நின்ற ஓட்டோவின் பின் சீட்டில், மடியில் பிளாஸ்டிக் பையோடு, அவர்களுடைய அம்மா. ஓட்டோ மூத்தவனுடையது, அதனால் தனியாகச் சாரதி இல்லை. பொலிஸில் இந்தக் கணக்கை மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் ஆறுதான். போட்டோகொப்பி எடுக்க வந்த இன்னொருவரும் இருந்தார் என்று லொத்தர் ஐயா சொன்னது சரியில்லை. அவர் முதல் அடி விழுவதற்கு முன்பே, மிச்சக்காசுகூட வாங்காமல் போய்விட்டார்.

அறைந்தது இளையவன். காப்புறுதிக் கம்பனியின் கடிதத்தைச் சுருட்டிப் பிடித்திருந்த கையாலேயே அறைந்தான். காகிதத்தின் விளிம்பு கண்ணுக்குக் கீழே கீறியது.

“தம்பி, இருங்க, குடுங்க, பாத்துச் சொல்றேன்” என்றேன்.

“என்னாத்தப் பாக்கப் போற? எட்டாங்கிளாஸ் டொக்டர்! நீ எழுதினா ஒண்ணும் திரும்பி வராதுன்னு சொன்னியே!”

அப்படித்தான் என்னைச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாத்தளையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே பத்தடிக்கு எட்டடிக் கடை. ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு லெமினேட் மெஷின், கைப்பிடியை இழுத்து அழுத்தி வெட்டுகிற பழைய பேப்பர் கட்டர் ஒன்று. ஆனால் கடை ஓடுவது இவற்றால் இல்லை, படிவம் நிரப்புவதால். ஆஸ்பத்திரிக் கார்டு ஆங்கிலத்தில், அரசாங்கக் கந்தோர்க் கடிதம் சிங்களத்தில். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து என்னிடம்தான் வருவார்கள். வருடக்கணக்காக மற்றவர்களின் நோய்களைக் கொப்பி எடுத்து எடுத்து எனக்கும் கொஞ்சம் தெரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் இலக்கம் போடுவார்கள், முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு எண்கள். கண்ணில் படுகிறதை எல்லாம் ஒரு கறுப்பு மட்டைக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். சி என்று தொடங்கினால் புற்றுநோய். டி என்று தொடங்குவதில் சாதாரணக் கட்டிகளும் வரும். யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் பல் கூசுகிறது.

நான் பயந்தவன். கடையைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் பாதி வழி போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுத்த நாட்கள் உண்டு. படிவமொன்றை ஐந்தாறு தடவை வாசிக்காமல் கையைவிட்டு விடமாட்டேன். ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இதைத்தான் ஆட்கள் கவனம் என்று நினைத்தார்கள்.

அந்த அண்ணன் தம்பி முதலில் வந்தது இரண்டரை மாதத்துக்கு முன்பு. அம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்டில், கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாயிற்று, சதைப் பரிசோதனை முடிவு வர இருக்கிறது, அவ்வளவுதான் இருந்தது. முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது, அதோடுதான் என்னிடம் வந்தார்கள். மூத்தவன் அந்தத் தாளை ஓட்டோவின் சீட்டுக்கு அடியில், ஸ்பானர்களோடு சுற்றி வைத்திருந்தான். மெஷினுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய் விரித்துக் காட்டினான். கிரீஸ் கறை பட்ட தாள். நான் வாசித்தேன். என் கொப்பியைப் பார்க்கவே தேவைப்படவில்லை. சி ஐம்பத்துநான்கு.

“அண்ணே, அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே போயிரும்.”

“டொக்டர் என்னா சொன்னாரு?”

“கண்டிக்குப் போய் கதிர் அடிக்கிற மெஷின்ல கரண்ட் பிடிக்கணுமாம். சீக்கிரமாம். அந்த வோர்டு வாசல்ல நோயோட பேர இவ்வளவு பெரிசா எழுதிப் பலகை போட்டிருக்காங்கண்ணே, மூணு பாஷையிலயும். அம்மா தமிழ் வாசிக்கும். பேப்பர் ஒரு எழுத்து விடாம வாசிக்கும். கொழும்புல பலகை இல்லாத ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு லட்சம் வட்டிக்கு எடுத்து ஸ்கேன் செஞ்சு முற்பணமும் கட்டியாச்சு. மிச்சத்துக்கு இந்தக் காசு வந்தாத்தான்.”

பெரிய நோய் வந்தால் பணம் தருவோம் என்று தோட்டத்தில் ஆள் போட்டு விற்றிருந்த காப்புறுதி அது. அம்மாவின் சம்பளத்தில் மாதா மாதம் கழித்திருந்தார்கள். படிவத்தில் அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும், சாட்சியான என் முன்னால். கையெழுத்துக்கு மேலேயே, தமிழில், நோயின் பெயர் எழுதும் கோடு.

“கட்டின்னு எழுதுங்கண்ணே. அது பொய்யில்லையே.”

பொய் இல்லைதான். என்னிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவன் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள், ‘அந்த நோவு’ என்பார்கள். நோயாளியைச் சுற்றிப் பிள்ளைகளும் மருமக்களும் மதில்போல நிற்பார்கள். நானும் என் மாமனாருக்கு அப்படி நின்றவன்தான். கர்ப்பப்பைக் கட்டி என்று எழுதினேன்.

அத்தோடு விட்டிருந்தால்கூட வேறு விதமாகப் போயிருக்கலாம். பக்கத்தில் நோய் இலக்கத்துக்குச் சின்னக் கட்டங்கள் இருந்தன. அதை ஆஸ்பத்திரியில் போட்டு வாங்க வேண்டும், தெரியாவிட்டால் வெறுமையாக விட வேண்டும். வெறுமையாக விட எனக்குப் பயம். சி ஐம்பத்துநான்கு என்று போட்டால் பெயர் ஒன்று, இலக்கம் இன்னொன்று, பொருந்தாது, திருப்பி அனுப்புவார்கள் என்று அதைவிடப் பயம். கறுப்புக் கொப்பியைப் புரட்டினேன். வஹகோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சருக்குச் சாதாரணக் கர்ப்பப்பைக் கட்டி, அவருடைய இலக்கம் டி இருபத்தைந்து. அதைப் போட்டேன். முதல் கார்டை இணைத்தேன், அதிலும் கட்டி என்றுதான் இருந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. ஆறு தடவை வாசித்தேன். அம்மா உள்ளே வந்து, கண்ணாடியைப் போட்டு, கோட்டைத் தடவி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “எழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி” என்றார்.

கம்பனியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது நான்கு வரி. டி இருபத்தைந்து பெரிய நோய்ப் பட்டியலில் இல்லை. புற்றுநோய் அல்லாத கட்டிக்குப் பணம் கிடையாது. அந்த இரண்டரை மாதமும் அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கவே இல்லை. காசு வரட்டும், காசு வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஒப்பரேஷன் காயம் ஆறட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது அடிக்கு இளையவன் ஸ்டூலைத் தூக்கினான். இரும்புக் கால் ஸ்டூல். தலையைக் குனிந்தேன், அது தோளில் இறங்கி, போய் மெஷினின் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி உடைந்த சத்தத்தில் என் மனைவி கத்தியபடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையைப் பின்னால் வீசினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரல்களுக்கிடையில் இரத்தம்.

“பொம்பளையில கை வைக்காதடா!” என்று லொத்தர் ஐயா வாசலில் நின்று கத்தினார். உள்ளே வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நானும் யோசிப்பதில்லை, அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

மூத்தவன் அதுவரை கையை ஓங்கவில்லை. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, என் முகத்துக்கு நேரே வந்து, அழுதுகொண்டே கத்தினான்.

“ஏன்டா டி போட்ட? உனக்குத்தான் தெரியுமே! ரிப்போர்ட்டக் காட்டினேனே! கேன்சர்னு உனக்குத் தெரியுமே! எங்கம்மாவுக்குக் கேன்சர்னு தெரிஞ்சுகிட்டே ஏன்டா டி போட்ட!”

இளையவன் மறுபடி ஸ்டூலை எடுத்தான். மூத்தவன் என் கழுத்துச் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், மற்றக் கை கட்டரின் பலகைமேல் இருந்தது. அதன் கைப்பிடி என் வலது கைக்குப் பக்கத்தில். நான் வேண்டுமென்று செய்தேனா என்று பின்னால் பல பேர் கேட்டார்கள். ஸ்டூல் மேலே போவதைப் பார்த்தேன். கைப்பிடியை அழுத்தினேன். ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்துகிற அதே அழுத்து. பச்சைக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். அவனுடைய இடது கைச் சின்னவிரல், நகத்துக்குக் கீழே துண்டாகி, பலகையின் மறுபக்கம் கிடந்தது.

மூத்தவன் கையை உயர்த்தி, ஏதோ தெரியாத சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தான். இரத்தம் முழங்கை வரை ஓடி, அடுக்கி வைத்திருந்த வெள்ளைத் தாள்கள்மேல் சொட்டியது. அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் ஒரேயடியாக உருண்டோம். யார் யாரை அடித்தோம் என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. இளையவனின் முழங்கால் என் விலாவில் ஏறியது நினைவிருக்கிறது. நான் அவன் காதைக் கடித்தேன். உப்பாக இருந்தது.

பிரித்தது அம்மாதான். எப்போது ஓட்டோவைவிட்டு இறங்கினார், வயிற்றில் தையல் போட்ட உடம்போடு எப்படி அந்த வடிகானைத் தாண்டினார் என்று தெரியாது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி மூத்தவனின் முதுகில் அடித்தார். பிறகு இளையவனை. பிறகு திரும்பவும் மூத்தவனை. வெட்டுப்பட்ட விரலைக் கண்ட பிறகும் நிறுத்தவில்லை.

“யாருக்குடா கேன்சர்? சொல்லு! ரோட்டுல போறவனுக்கெல்லாம் கேக்குற மாதிரி சொன்னியே, இப்ப எங்கிட்டச் சொல்லு!”

“அம்மா, வேணாம்மா…”

“எனக்கு வந்த நோய எங்கிட்ட மறைச்சு ஸ்பானரோடயா வச்சிருந்த? சீட்டுக்கு அடியில என்னமோ தாள் இருக்கேன்னு அன்னைக்கே கேட்டேன், ஓட்டோ லைசன்ஸுன்னு சொன்ன! ரெண்டரை மாசம்டா! ரெண்டரை மாசம் உக்காந்து ரசம் சாப்பிட்டேன்டா!”

பிறகு என்னிடம் திரும்பினார். செருப்பு கையிலேயே இருந்தது. எனக்கும் விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

“நீயும் தெரிஞ்சுகிட்டா எழுதின?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

“நான் வாசிச்சுப் பாத்தேனே தம்பி. உன் முன்னாலதானே வாசிச்சேன்.”

அந்தச் செருப்படி எனக்கும் விழுந்திருக்கலாம்.

வீதியைக் கடந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு. எல்லோரும் அங்கேதான் போனோம். வேறெங்கே போவது? என் மனைவி உடைந்த பல்லோடு, விரல் துண்டை ஒரு புது லெமினேட் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கிடைத்த சுத்தமான பொருள் அது. ஒட்டவைக்க முடியாது, மேல் பகுதி நசுங்கிவிட்டது என்றார்கள். என்னையும் மூத்தவனையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். இளையவன் காதைப் பிடித்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

இளம் டொக்டர் ஒருவர் நோயாளி விபரம் எழுதும் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார், என்ன நடந்தது என்று.

“படியில வழுக்கி விழுந்துட்டேன்” என்றேன். பொலிஸ், வழக்கு, கடை லைசன்ஸ், எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடிவிட்டன.

மூத்தவனிடம் கேட்டார்.

“மெஷின்ல கை பட்டுருச்சு” என்றான் அவனும். என்னைப் பார்க்காமல்.

டொக்டர் பேனாவைத் தாளில் வைத்தார். கட்டில்களுக்கு நடுவே நின்ற அம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டார். டொக்டரின் மணிக்கட்டை, அப்படியே. தாதி ஒருவர் ஓடி வந்தார்.

“எழுதாதீங்க மாத்தயா. ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க.” அம்மா தோட்டத்துச் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். “என் சின்ன மகன் இவர ஸ்டூலால அடிச்சான். இந்தாளு என் பெரிய மகன்ட விரல வெட்டினாரு. இந்தப் பிள்ளைட பல்ல உடைச்சதும் என் சின்ன மகன்தான். அப்படியே எழுதுங்க. இதுல பொய் எழுதி எழுதித்தான் நான் இப்படி நிக்கிறேன்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். “அம்மா சொல்றது சரியா?”

சரி என்றேன். விலா உடைந்திருந்ததால் அதைச் சொல்லவே மூச்சு வாங்கியது. அவர் எழுதினார். தாக்குதல், கூர்மையான ஆயுதம், மொட்டையான ஆயுதம் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதுவதை நான் தலைகீழாக வாசித்தேன். அது பழக்கம். ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்து எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்று வாக்குமூலம் எடுத்தது. முறைப்பாட்டை மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள்.

அன்று அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சதைப் பரிசோதனைத் தாளைச் சீட்டுக்கு அடியிலிருந்து தானே இழுத்து எடுத்துக்கொண்டு மேல்மாடிக் கிளினிக்குக்குப் போய், ஒப்பரேஷன் செய்த டொக்டரைப் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை கண்டிக்கு, அந்தப் பலகை போட்ட வோர்டுக்கே போனார். அது அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. பலகையைப் பார்த்தாரா என்று பிறகொரு நாள் கேட்டேன்.

“பாத்தேன். பெயின்ட் உரிஞ்சு கெடக்கு. இதுக்கா ரெண்டு லட்சம் கடன் வாங்கினானுங்கன்னு சிரிப்பு வந்துச்சு.”

ஆனால் பிந்தியது பிந்தியதுதான். இதை முன்பே தொடங்கியிருக்கலாமே என்று கண்டி டொக்டர் கேட்டாராம். அதை அம்மா என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

புதுப் படிவத்தையும் நானே நிரப்ப வேண்டும் என்றார். விலாவில் கட்டு, பக்கத்தில் முன் பல் இல்லாத மனைவி. என் மனைவி அவரோடு பேசவில்லை, ஆனால் தேநீர் வைத்துக் கொடுத்தாள்.

“எழுது தம்பி. அதும் பேரப் போட்டே எழுது.”

கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று எழுதினேன். கட்டங்களைத் தொடவில்லை. “இத நான் போடக் கூடாது. அங்க போய்ப் போட்டு வாங்கிட்டு வாங்க” என்றேன். அவர் போய் ரெக்கோட் அறையில் இரண்டு மணி நேரம் நின்று, இலக்கமும் முத்திரையும் வாங்கி வந்தார். சதைப் பரிசோதனைத் தாளைக் கிரீஸ் கறையோடு கொப்பி எடுத்து இணைத்தோம். பழைய கார்டு ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று டொக்டரிடமே ஒரு கடிதமும் வாங்கினார். கம்பனி மூன்று தடவை கேள்வி கேட்டு, சண்டை நடந்து ஐந்தரை மாதம் கழித்துப் பணம் கொடுத்தது. கறுப்புக் கொப்பியை நான் அடுப்பில் போட்டேன். இப்போதும் படிவம் நிரப்புகிறேன். ஆட்கள் வந்து “கட்டின்னு போடுங்க” என்று காதோடு சொல்லும்போது விலாவில் ஒரு பிடிப்பு வருகிறது. “அவங்களயே கூட்டிட்டு வாங்க” என்கிறேன். சிலர் திட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே எழுதிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மத்தியஸ்த சபை கூடியது பணம் வந்த பிறகு, அதில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர். மெஷினின் பில்லையும் மூத்தவனின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். “மெஷினுக்கு விரல் சரி” என்றார். என் விலாவுக்கும் இளையவனின் காதுக்கும் அப்படியே. என் மனைவியின் பல்லுக்கு இளையவன் காசு கட்ட வேண்டும் என்று சொல்லி, அதை அங்கேயே கட்டவும் வைத்தார்கள். மிச்சம் இருந்தது வட்டி. இரண்டு லட்சத்துக்கு மாதம் இருபதாயிரம். நான் டி போட்டதிலிருந்து பணம் வரும் வரை எட்டு மாதம். ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

“எழுதச் சொன்னவங்க பாதி, எழுதினவர் பாதி” என்றார் அதிபர். என் பங்கு எண்பதாயிரம், ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வாசித்துப் பார்த்துத்தான்.

அம்மா இன்னும் கிளினிக் போகிறார். இளைத்துப் போனார், முடி நரைத்துவிட்டது, நடக்கிறார். மாதம் ஒரு தடவை கண்டியிலிருந்து திரும்பும்போது கடைக்கு முன்னால் ஓட்டோ நிற்கும். மூத்தவன் இறங்கமாட்டான், ஹேண்டிலில் ஒன்பதரை விரலும் தெரியும். அம்மா மட்டும் இறங்கி வந்து, கிளினிக் கொப்பியை என் முன்னால் வைத்து, இந்தத் தடவை டொக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு வரி விடாமல் வாசித்துச் சொல்லச் சொல்வார். வாசிப்பேன். நல்லது என்றால் நல்லது, தெரியாதது என்றால் தெரியாது. பிறகு நான் ஐயாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுப்பேன். அவர் அதைத் தன் கையாலேயே இரண்டாவது தடவை எண்ணி, பையில் போடுவார்.

ஏழு தடவை கொடுத்திருக்கிறேன். இன்னும் கொடுக்க வேண்டியது நாற்பத்தையாயிரம் ரூபாய்.